பேப்பர் ஷேடு செய்யலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், அயனாவரத்தில் என் வீட்டு ஹாலில் கையால் செய்த காகிதத்தில் விளக்கு ஷேடு செய்து விற்பதைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, "மாசம் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் கேட்கின்றன. அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அப்பா திருவல்லிக்கேணியில் பைண்டிங் கடை வைத்திருந்தார். பசை காய்ச்சவும் காகிதம் மடிக்கவும் அங்கே பழகினேன். ஷேடு செய்ய ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் கைக்காசுதான் போனது.

எந்தக் காகிதம் வாங்குவது, எங்கே? சார்ட் பேப்பரில் செய்து பழகலாமா? (குரோம்பேட்டை வாசகி)

அளவு வெட்டிப் பழக சார்ட் பேப்பர் போதும். விற்க வேண்டாம். மலிவான மரக்கூழ்க் காகிதம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும், மடித்த இடத்தில் வெடிக்கும். கையால் செய்த காகிதம் பருத்தித் துணிக் கழிவிலிருந்து வருவது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகள்கூட இப்படிக் காகிதமாகின்றன. நார் நீளமாக இருப்பதால் கிழிக்கவே கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். மரம் வெட்டாத காகிதம் என்று வாங்குபவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம். (1934-ல் காந்தி கிராமத் தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது கூடவே நின்று நடத்தியவர் நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா. இன்றைக்கும் ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் இருக்கும் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயர்தான். சென்னை பாரிமுனைப் பக்கம் காகிதம் விற்கும் ஆண்டர்சன் தெருவில் இதைச் சொன்னால் யாரும் விலை குறைக்க மாட்டார்கள், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆம், ஆண்டர்சன் தெருதான். ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே காகிதம் விற்கும் கடைகள். ஞாயிற்றுக்கிழமை போனால் ஷட்டரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். 100-லிருந்து 120 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை கேளுங்கள். 80-க்குக் கீழே போனால் தொய்யும், 150-க்கு மேலே போனால் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

கடைக்காரர் காகிதத்தை மேஜையில் விரித்துத்தான் காட்டுவார். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, பின்னால் செல்போன் டார்ச்சை அடியுங்கள். மேஜைமேல் அழகான கிரீம் கலராக இருந்தது, டார்ச் வெளிச்சத்தில் மழை மேகம் மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். இன்னொன்று, மேலே சுமாராக இருந்தது, உள்ளே வைக்கோல் துணுக்கும் பூவிதழும் மிதக்க ஜொலிக்கும். நாம் வாங்குவது அந்த இரண்டாவது முகத்தை. டார்ச் அடிக்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

பாண்டிச்சேரி போகிறவர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலைக்குள் எட்டிப் பார்க்கலாம். 1959-ல் ஆரம்பித்தது. அச்சைத் தொட்டிக்குள் முக்கித் தூக்கினால் தண்ணீர் வடிந்து கூழ் மட்டும் ஏடாகத் தங்கும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் அதற்கப்புறம் கத்தரிக்கோலை யோசித்துத்தான் எடுப்பார்கள்.

ஷேடின் மேலும் கீழும் வைக்கும் கம்பி வளையம், பத்து அங்குலத்தில் இருபது வாங்கிவிட்டேன். காகிதம் சுற்றவே மாட்டேன் என்கிறது, ஒன்றரை அங்குலம் பற்றவில்லை. என்ன செய்ய? (அம்பத்தூர் வாசகி)

அம்மா, எனக்கும் நடந்ததுதான். ஆனால் நான் முப்பது வாங்கியிருந்தேன்.

கைக்காகிதம் பெரும்பாலும் 22-க்கு 30 அங்குல ஷீட்டாக வரும். பத்து அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு 31.4. அதோடு ஒட்ட அரை அங்குலம். முப்பதுக்குள் எப்படி அடங்கும்? ஒன்பது அங்குலமென்றால் 28.26, ஒட்டும் இடம் சேர்த்து 28.76. நாலு பக்கமும் பிசிறு ஓரத்தை அரை அங்குலம் நறுக்கினால் ஷீட் 21-க்கு 29. சரியாக உட்கார்ந்துவிடும். உயரத்தில் 21-ஐ இரண்டாக வெட்டினால் பத்தரை, பத்தரை. மேலும் கீழும் வளையத்தின் மேல் மடிக்க அரை அரை போனால் ஒன்பதரை அங்குல உயரத்தில் ஒரே ஷீட்டில் இரண்டு ஷேடு. அதனால்தான் என் ஷேடெல்லாம் ஒன்பதுக்கு ஒன்பதரை. பார்க்கிறவர்கள் "நல்ல அளவு, எப்படி யோசிச்சீங்க?" என்பார்கள். ஷீட்தான் யோசித்தது.

உங்கள் இருபது வளையம் வீணில்லை. இரண்டு துண்டு காகிதத்தை எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டு இரண்டு இடத்தில் சமமாக விழுந்தால் அது டிசைன், ஒரு இடத்தில் மட்டும் விழுந்தால் அது தப்பு.

கூம்பு ஷேடுக்கும் அளவு கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டும் வெட்டலாம்: மேல் விட்டம் 5, கீழ் விட்டம் 10, சாய்வு உயரம் 8 என்றால், 16 அங்குல ஆரத்தில் வெளி வளைவு, 8 அங்குலத்தில் உள் வளைவு, கோணம் 112½ டிகிரி. இந்த வம்பே வேண்டாம் என்றால், சட்டத்தைப் படுக்க வைத்து நியூஸ்பேப்பர் மேல் ஒரு சுற்று உருட்டுங்கள். உருளும்போது மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வரவேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், எங்கள் வீட்டில் பென்சில் அவருடையது.

போன ஐப்பசியில் செய்து வைத்த ஆறு ஷேடும் தொய்ந்துவிட்டன. ஓரத்தில் காவிக் கறை வேறு. மைதாப் பசையில் பூச்சியும் வந்தது. (பெரம்பூர் வாசகி)

மூன்று வியாதி, மூன்று மருந்து.

முதலில் தொய்வு. காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் இறுகும். நீங்கள் வெயில் நாளில் மொடமொடவென்று இருந்த காகிதத்தை ஒட்டியிருப்பீர்கள். மழை வந்ததும் அது விரிந்து தொங்கிவிட்டது. நான் ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, காகிதத்தின் பின்பக்கம் தடவி வைத்துவிடுவேன். சொட்டக் கூடாது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். விரிந்த நிலையில் ஒட்டுவதால் காயும்போது தானே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் விரலால் தட்டினால் 'டப்'பென்று மிருதங்கம் மாதிரி சத்தம் வர வேண்டும். 'பொத்'தென்று வந்தால் பிரித்துவிடுங்கள். உள்பக்கம் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுக்கலாம். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளிக்கும்.

அடுத்தது கறை. உங்கள் வளையம் ஜி.ஐ கம்பிதான், கடைக்காரர் ஏமாற்றவில்லை. கறை பிடித்த இடத்தைப் பாருங்கள், ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு புள்ளியிலிருந்து பரவியிருக்கும். அது வெல்டு வைத்த இடம். வெல்டிங் சூட்டில் கம்பிமேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு அங்கே எரிந்துபோகிறது. துரு நுழைய அந்த ஒரு வாசல் போதும். எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் தெரு முனை கிரில் பட்டறைக்காரர். அவர்தான் இப்போதும் பத்து கேஜ் கம்பியில் எனக்கு வளையம் வளைத்துத் தருகிறார். வெல்டு மேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் ஒரு தடவை, மேலே வெள்ளை எனாமல் ஒரு தடவை. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சி. ராமபாணப் பூச்சிக்கு மைதாப் பசை விருந்து. அப்பா பசை காய்ச்சி இறக்கும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். அவர் கடையில் குழந்தைகள் கிடையாது, நம் ஹாலில் உண்டு. வெள்ளை ஃபெவிகாலுக்கு மாறிவிடுங்கள். பாரம்பரியத்தை விட்டுவிட்டேனே என்று எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

மழைக்காலத்தில் ஷேடுகளை பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் கட்டி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரமே பூஞ்சை பிடிக்க வைக்கும். பழைய காட்டன் புடவையில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

காகிதத்துக்குள் பல்பா, வீடு பற்றிக்கொள்ளாதா என்று மாமியார் பயப்படுகிறார். (பெயர் வேண்டாம் என்கிறார், மேற்கு மாம்பலம்)

உங்கள் மாமியார் கேட்பது நியாயம். பழைய இழை பல்பு காலத்து பயம் அது. 60 வாட் குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே போகும். 7 வாட் எல்.இ.டி.யில் அந்தக் கதை இல்லை. இருந்தாலும் எல்.இ.டி.யின் கழுத்துப் பகுதி சுடும், அதனால் ஷேடின் மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், பல்புக்கும் காகிதத்துக்கும் எந்தப் பக்கமும் மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அண்ணா நகரில் ஒரு மாமி என்னிடம் ஷேடு வாங்கினார். ஒரு மாதம் கழித்து போன், "உன் ஷேடு தோசை மாதிரி முறுகிடுத்து." போய்ப் பார்த்தேன். வீட்டில் கிடந்த பழைய குண்டு பல்பைப் போட்டிருக்கிறார், அதுவும் காகிதத்தைத் தொட்டாற்போல. உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வட்டம். திட்டுவதற்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நான் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷேடுக்குள்ளும் தமிழில் ஒரு சீட்டு: "எல்.இ.டி. மட்டும். 7 வாட்டுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் விளக்கு, மெழுகுவத்தி உள்ளே வைக்கக் கூடாது." கார்த்திகைக்கு அகலை உள்ளே வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் கடைசி வரி.

புது மாடல் எதுவானாலும் எங்கள் வீட்டில் ஆறு மணி நேரம் தொடர்ந்து எரியும். மணிக்கொரு தரம் காகிதத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்புக்கு மேல் போனால் அந்த மாடல் கிடையாது.

வயர், ஹோல்டர் எல்லாம் சேர்த்து விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் ஷேடு மட்டும் விற்றுப் பழகுங்கள். அப்புறம் சேர்ப்பதென்றால் ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள வயரும் ஹோல்டரும்தான். உலோகத் தண்டு வைத்த டேபிள் விளக்கென்றால் எர்த்தோடு மூன்று கோர் வயர், எலக்ட்ரீஷியன் கையால். பல்பு கலரில் வார்ம் ஒயிட் கேட்டு வாங்குங்கள், டப்பாவில் 2700 அல்லது 3000 கே என்று இருக்கும். டியூப்லைட் வெள்ளையில் கைக்காகிதம் ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி இருக்கும்.

பலூன்மேல் காகிதம் ஒட்டி உருண்டை ஷேடு செய்யலாமா? (வேளச்சேரி வாசகி)

செய்யலாம், மொட்டை மாடியில் காய வைக்காதீர்கள். நான் ஒரு வைகாசி மத்தியானம் ஆறு பலூனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் வருவதற்குள் நாலு வெடித்துவிட்டது. கீழ் வீட்டுத் தாத்தா பட்டாசு என்று நினைத்து மாடிக்கே வந்துவிட்டார். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிகிறது, காகிதம் இன்னும் ஈரம், வேறென்ன ஆகும்? நிழலில், ஃபேன் காற்றில், இரண்டு நாள். பலூனை முக்கால்வாசி மட்டும் ஊதுங்கள்.

ஆனால் ஒரே அளவில் பத்து உருண்டை பலூனில் வராது. இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1951-லிருந்து ஜப்பானின் கிஃபு ஊரில் செய்த காகித உருண்டைகள் உலகப் பிரசித்தம். அங்கே மூங்கில் சிம்பை அச்சின்மேல் சுருளாகச் சுற்றி, அதன்மேல் மல்பெரி வகைப் பட்டைக் காகிதத்தை ஒட்டி, காய்ந்தபின் அச்சை உள்ளிருந்து பிரித்து எடுத்துவிடுவார்கள். விளக்கு தட்டையாக மடங்கும். அந்த மடங்கும் சங்கதி ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில் வரும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? (ஏறக்குறைய எல்லோரும்)

என் நோட்டில் இருக்கிற கணக்கையே தருகிறேன். ஒன்பது அங்குல ஷேடு ஒன்றுக்கு: காகிதம் பாதி ஷீட் 45 ரூபாய், வளையம் இரண்டும் பெயின்ட்டும் 80, பசை, டேப் 15, அட்டைப்பெட்டி 40, ஆட்டோ, கரண்ட் பங்கு 20. மொத்தம் 200. இதோடு நிறுத்திக்கொண்டு 350-க்கு விற்று, "150 லாபம்" என்று முதல் இரண்டு வருடம் குதித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷேடுக்கு எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகிறது. 150-ஐ இரண்டே காலால் வகுத்துப் பாருங்கள். அதில் வீணானவை கணக்கிலேயே இல்லை, பத்தில் ஒன்று எப்படியும் வீணாகும்.

இப்போது என் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் போடுகிறேன், அது 225. வீணாவதற்கு 45. அடக்கம் 470. விலை 800.

"800-ஆ!" என்பீர்கள். கடைக்காரர் பங்கு இருக்கிறதே. விற்றால் காசு, விற்காவிட்டால் திரும்ப என்ற ஏற்பாட்டில் நான் பொருள் வைத்த கடைகளில் 35 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். 800-ல் 280 போனால் கையில் 520. ஆக லாபம் 50, கூலி 225. கடையில் 800, வீட்டுக்கு வருபவர்களுக்கு 550 என்று விற்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரே வாரத்தில் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அவர் ஏன் உங்கள் பொருளை முன்னால் வைக்க வேண்டும்? எங்கும் ஒரே விலை. வீட்டில் விற்கும்போது வரும் அந்த 280-தான் மழைக்கால மாதங்களை ஓட்டுகிறது.

கடையில் வைப்பதற்கு முன் எழுத்தில் மூன்று விஷயம் வாங்குங்கள்: எத்தனை நாளில் காசு, எத்தனை நாளில் திருப்புவார்கள், சேதமானால் யார் பொறுப்பு. ஒரு கடை ஏழு மாதம் கழித்து என் மூன்று ஷேடுகளைத் திருப்பித் தந்தது. கண்ணாடி ஷோகேஸில் மேற்கு வெயிலில் வைத்திருக்கிறார்கள். ராணி கலராகப் போனது பழைய பிளாஸ்திரி கலரில் வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெயில் படும் இடத்துக்கு வெள்ளை, கிரீம் மட்டும் கொடுங்கள்.

கூரியருக்கு வருவோம். என் ஷேடு பெட்டியோடு அரைக் கிலோகூட இருக்காது. ஆனால் பெட்டி பெரிது. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைத்தான் பல கூரியர்கள் எடை என்பார்கள். 25-க்கு 25-க்கு 28 பெட்டி மூன்றரைக் கிலோ ஆகிவிடும். காற்றுக்குக் காசு. அதனால் வெளியூருக்கு இப்போது மடிப்பு ஷேடு மட்டும்தான். இரண்டு ஷீட்டை நீளவாக்கில் ஒட்டி, முக்கால் அங்குலத்துக்கு ஒரு மடிப்பாக விசிறி மாதிரி மடித்து, மேலே ஓட்டை போட்டு நூல் கோத்தால் போதும். ஃபைல் மாதிரி தட்டையாகப் போகும், வாங்கியவர் நூலை இழுத்து ஹோல்டரில் கட்டிக்கொள்வார். மடிப்பு நேராக வர, அப்பா வைத்திருந்த எலும்புக் கத்தியால் அழுத்துகிறேன். உங்களிடம் அது இல்லையென்றால் பழைய ஸ்பூனின் பின்பக்கம் போதும்.

மாதம் 25 ஷேடு என் கைக்கு அளவு. கடை வழியே விற்றால் ஒன்றுக்குக் கூலியும் லாபமுமாக 275 என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செய்த மாதங்களில் கழுத்து வலி மாத்திரைக்குப் போய்விட்டது.

உத்யம் பதிவுக்கு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) ஏஜென்ட் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஆவடி வாசகி)

கொடுக்காதீர்கள். உத்யம் பதிவு இலவசம். அரசு தளத்தில் ஆதார் எண்ணும் அதோடு சேர்த்த செல்போனும் பான் எண்ணும் வைத்து நீங்களே செய்யலாம், காலேஜ் போகும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அரை மணி நேரம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு வருடம் 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும்போது ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கடன், மானியத் திட்டங்களுக்கு உங்கள் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, நேரில் போங்கள். ஆனால் ஐம்பது ஷேடு விற்பதற்கு முன்னால் கடன் பக்கமே போகாதீர்கள்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்து விற்கலாமா ஆன்ட்டி? (சாந்தோம்)

தாராளமாக. ஷேடைவிட ஸ்டார் சுலபம், வளையம் வேண்டாம், அட்டையும் காகிதமும் போதும். வீட்டு வாசலில் தொங்கும் என்பதால் மழைச்சாரல் படும், அதற்கு மட்டும் வார்னிஷ் இரண்டு கோட். முதல் வருடம் பத்துக்கு மேல் ஆர்டர் எடுக்காதே. எடுத்ததை நவம்பருக்குள் கொடுத்து முடித்துவிடு கண்ணு, டிசம்பரில் உனக்கு அரையாண்டுத் தேர்வு.